பத்து சென்ட் மண்ணில் சிறு வீடு: கேரளத்துக் குறைந்த செலவு வீடுகளின் வரலாறு

கேரளத்தில் செலவு குறைந்த சிறு வீட்டின் வரலாற்றைக் கட்டடக்கலை நூல்கள் பெரும்பாலும் லாரி பேக்கர் என்ற ஒரு பெயரிலிருந்து தொடங்குகின்றன. ஆனால் அவர் திருவனந்தபுரத்தில் முதல் செங்கல்லை வைப்பதற்கு முன்பே, குடிசை நிற்கும் மண் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் அந்த வரலாறு தொடங்கிவிட்டது. நிலத்தில் உரிமை இல்லாதவர் எவ்வளவு மலிவாக, எவ்வளவு உறுதியாக வீடு கட்டினாலும் மறுநாளே அதை விட்டு இறங்க நேரலாம் என்பதால், சிறு வீட்டின் நன்மைகளைப் பற்றிய பேச்செல்லாம் அந்த உரிமைக்குப் பிறகே பொருள் பெறுகிறது. 1970-களில் அம்மாநிலத்தில் நிலச்சீர்திருத்தமும், அரசின் வீட்டுத் திட்டமும், ஒரு கட்டடக்கலைஞரின் கைவினை அறிவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்தன. அவை எங்கே ஒன்றுசேர்ந்தன, எங்கே விலகிப்போயின என்பதைப் பார்த்தால்தான், குறைந்த பரப்பில், குறைந்த பொருளில், குறைந்த கடனில் ஒரு குடும்பம் மதிப்போடு வாழ என்னென்ன வேண்டும் என்பது விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலும் கேரளத்தில் ஒருவருடைய வீட்டின் அளவையும் பொருளையும் வருமானத்தைவிடச் சாதியே முடிவு செய்தது. 1887-இல் வெளிவந்த மலபார் கையேட்டில் வில்லியம் லோகன், குடியிருப்பவரின் சாதியைப் பொறுத்து வீட்டின் பெயரே மாறியதைப் பதிவு செய்திருக்கிறார்: நம்பூதிரியின் இருப்பிடம் இல்லம் அல்லது மனை, அரசருடையது கோவிலகம், நாயருடையது வீடு, கைவினைஞருடையது புரை அல்லது குடி, வயலில் அடிமை வேலை செய்தவருடையது சாளை. ஓடு வேய்வதற்கும் செங்கல்லால் சுவர் எழுப்புவதற்கும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத் தடையோ, மேலிடத்தின் அனுமதி பெற வேண்டும் என்ற கட்டுப்பாடோ இருந்தது. ஆகவே, மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட சிறு குடிசை என்பது அவர்கள் மேல் சுமத்தப்பட்ட அளவு. நூறு ஆண்டுகள் கழித்து, பூசாத செங்கல் வீடு அழகானது, சிக்கனமானது என்று படித்தவர்கள் எடுத்துரைத்தபோது, அந்தக் குடிசைகளின் பேரப்பிள்ளைகள் தயங்கியதற்கும், பூச்சும் கான்கிரீட்டும் வேண்டும் என்று கேட்டதற்கும் இந்த நினைவு ஒரு காரணம். இதை மறந்துவிட்டு அவர்களின் விருப்பத்தை வெறும் பகட்டு என்று ஒதுக்குவது நியாயமாகாது.

நிலவுடைமையாளரின் தோட்டத்திலோ வயலோரத்திலோ அவருடைய அனுமதியின் பேரில் குடிசையில் தங்கியிருப்பதற்குக் கேரளத்தில் குடிகிடப்பு என்று பெயர்; அப்படித் தங்கியவர் குடிகிடப்புக்காரர். அவர் அந்த நிலத்தில் வேலை செய்யும் வரைதான் அங்கே இருக்கலாம், மனத்தாங்கல் வந்தால் குடிசை போய்விடும். 1963-ஆம் ஆண்டின் கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம் இந்தக் குடிசை எது என்பதை வரையறுத்த விதம் அக்காலத்து வீட்டின் மதிப்பைத் துல்லியமாகக் காட்டுகிறது. கட்டப்பட்டபோது 750 ரூபாய்க்கு மேல் செலவாகாத, அல்லது மாதம் 5 ரூபாய்க்கு மேல் வாடகை பெறத் தகாத உறைவிடமே சட்டத்தின் பார்வையில் குடிசை. 1969-இல் திருத்தப்பட்டு 1970 ஜனவரி 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், குடிகிடப்புக்காரர் தம் குடிசையையும் அதைச் சுற்றியுள்ள மண்ணையும் சந்தை விலையின் ஒரு பகுதியைச் செலுத்தி விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை வழங்கியது: ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரிலும் பெரிய நகராட்சிகளிலும் 3 சென்ட். சட்டம் ஏட்டில் இருந்ததனால் மட்டும் நிலம் கைக்கு வந்துவிடவில்லை. 1969 டிசம்பரில் ஆலப்புழையை அடுத்த அரவுக்காட்டில் கூடிய மாநாடு, ஏ.கே. கோபாலன் முதலிய கம்யூனிஸ்ட் தலைவர்களின் வழிகாட்டலில், சட்டம் நடைமுறைக்கு வரும் நாளிலிருந்தே தத்தம் பத்து சென்ட்டை வேலியிட்டு எடுத்துக்கொள்ளுமாறு குடிகிடப்புக்காரர்களை அறைகூவியது. அவர்கள் வேலி கட்டினர், அந்த மண்ணில் நின்ற தென்னையில் தாமே காய் பறித்தனர், அதற்காகத் தடியடியும் சிறையும் ஏற்றனர். பின்வந்த ஆண்டுகளில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இவ்வாறு வீட்டுமண்ணுக்கு உரிமையாளர்களாயின.

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. பத்து சென்ட் மண்ணில் 250 சதுர அடியில் ஒரு சிறு வீடு நின்றால் அது நிலத்தில் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கையே எடுத்துக்கொள்கிறது. மீதி மண்ணில் ஒரு கிணறு, சில தென்னைகள், ஒரு பலா, மரவள்ளிப் பாத்தி, வாழை, ஆடு கட்டும் கொட்டில் ஆகியவற்றுக்கு இடம் இருந்தது. தேங்காயும் கிழங்கும் பட்டினியைத் தடுத்தன. உதிர்ந்த மட்டையும் ஓலையும் அடுப்பெரித்தன. மழைநீர் அந்த மண்ணிலேயே இறங்கிக் கிணற்றுக்கு ஊறியது. சிறு வீட்டின் நிலைத்த பயன் சுவர்களுக்குள்ளே மட்டும் தேடத் தக்கதன்று. அது கட்டாமல் விட்டுவைக்கும் மண்ணே குடும்பத்தின் உணவு, எரிபொருள், நீர் ஆகியவற்றின் பெரும்பகுதியைத் தாங்குகிறது என்பதை இந்தப் பத்து சென்ட் தோட்டங்கள் எந்த ஆய்வேட்டையும்விடத் தெளிவாகக் காட்டின.

குடிகிடப்பு உரிமையும் கிடைக்காத, முற்றிலும் நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களுக்காக 1972-இல் லட்சம் வீடு என்ற திட்டம் தொடங்கப்பட்டது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் சி. அச்சுத மேனன், திட்டத்தை முன்னின்று நடத்தியவர் வீட்டுவசதித் துறை அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர். அரசு நிலம் வாங்கித் தருவது, நன்கொடையும் தன்னார்வ உழைப்பும் திரட்டுவது, ஒவ்வோர் ஊராட்சியிலும் ஏறக்குறைய நூறு வீடுகளாக மாநிலம் முழுவதும் ஒரு லட்சம் வீடுகளை எழுப்புவது என்பது திட்டத்தின் அமைப்பு. செலவைக் குறைக்க இரண்டு வீடுகளுக்கு ஒரு பொதுச்சுவர் வைத்து இரட்டை வீடுகளாகக் கட்டினர். இலக்கு முழுமையாக எட்டப்படாவிட்டாலும், பல்லாயிரம் குடும்பங்கள் முதன்முறையாக ஓட்டுக்கூரையின் கீழ் படுத்தன. 

ஆயினும் அத்திட்டத்தின் குறைகள் சிறு வீட்டைப் பற்றி நினைப்பவர் அனைவரும் கற்க வேண்டியவை. ஒரே வரைபடம் கடற்கரைக்கும் மலைச்சரிவுக்கும் பொருத்தப்பட்டது. குடியிருக்கப்போகிறவர் எவரும் எந்த அறை எங்கே வேண்டும் என்று கேட்கப்படவில்லை. பொதுச்சுவர் செங்கல்லை மிச்சப்படுத்தியது. ஆனால் ஒரு வீட்டுக்காரர் தம் பகுதியை இடித்துப் பெரிதாக்க வேண்டுமென்றால் அடுத்த வீட்டுக்காரரும் சம்மதிக்க வேண்டும் என்ற நிலையைத் தலைமுறைகளுக்கு விட்டுச்சென்றது. சில சென்ட் நிலத்தில் நெருக்கி வைத்ததால் பத்து சென்ட் தோட்டத்தின் நன்மை இங்கே கிட்டவில்லை. பிள்ளைகள் வளர்ந்து மணமுடித்தபோது அவர்களுக்கு அறை சேர்க்க இடமில்லை. பிற்காலத்து அரசுகள் இரட்டை வீடுகளை ஒற்றை வீடுகளாகப் பிரித்துக் கட்டுவதற்கென்றே தனித் திட்டங்கள் வகுக்க வேண்டியதாயிற்று. லட்சம் வீடு காலனி என்ற முகவரியே பள்ளியிலும் வேலை தேடும் இடத்திலும் சாதியை அறிவிக்கும் அடையாளமாகிவிட்டது. 2024 ஜூனில் கேரள அரசு பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் குடியிருப்புகளைக் காலனி என்று அழைப்பதைக் கைவிடுமாறு ஆணையிட்டதற்குப் பின்னால் இந்த அரை நூற்றாண்டு வேதனை இருக்கிறது.

லாரி பேக்கர் இந்த வரலாற்றுக்குள் வந்தது ஒரு சுற்றுவழியில். 1917 மார்ச் 2-ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, அந்நகரிலேயே கட்டடக்கலை பயின்ற அவர், போரை மறுக்கும் குவேக்கர் என்ற கிறித்தவச் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது துப்பாக்கி ஏந்தாமல் மருத்துவ உதவிக் குழுவொன்றில் சேர்ந்து சீனாவில் பணியாற்றினார். ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். ஒரு சிற்றூரின் வீடு அதைச் சுற்றி ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே கட்டப்பட வேண்டும் என்று காந்தியடிகள் கூறிய கருத்தையே தம் தொழிலின் அடிப்படையாக அவர் வாழ்நாள் முழுவதும் குறிப்பிட்டுவந்தார். 1945-இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்த அவர், 1948-இல் மலையாள மருத்துவரான எலிசபெத் ஜேக்கப்பை மணந்தார். இமயமலைச் சாரலில் பித்தோராகட் பகுதியில் இருவரும் பதினைந்து ஆண்டுகள் மருத்துவமனை நடத்தினர். அங்கே கல்லும் மரமும் சாணமும் கொண்டு மலைமக்கள் கட்டிய வீடுகளைப் பார்த்தபோது, தாம் கல்லூரியில் கற்றவற்றில் பெரும்பகுதி அவ்விடத்துக்குத் தேவையற்றது என்ற முடிவுக்கு வந்தார். 1963-இல் கேரளத்தின் வாகமண் மலைக்குப் பெயர்ந்து, 1970-ஐ ஒட்டித் திருவனந்தபுரத்தில் குடியேறினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. புகழ்பெற்ற பணிகள் அனைத்தும் அதற்குப் பின்னரே வந்தன.

அவருடைய சிக்கனத்தின் அருமையை உணர, அன்று சிமெண்ட் எவ்வளவு அரிய பொருளாக இருந்தது என்பதை நினைவுகூர வேண்டும். விலையும் பங்கீடும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. வீடு கட்டுபவர் அனுமதிச்சீட்டுக்கு விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருந்தார், இல்லையேல் கள்ளச்சந்தையில் வாங்கினார். சிமெண்ட் ஒதுக்கீடு தொடர்பான முறைகேட்டு வழக்கில் மகாராஷ்டிர முதலமைச்சர் 1982 ஜனவரியில் பதவி விலக நேர்ந்தது. அவ்வாண்டு கட்டுப்பாடு பகுதியளவும், 1989-இல் முழுவதுமாகவும் தளர்த்தப்பட்டது. இதனிடையே கிடைத்த ஒவ்வொரு மூட்டையையும் எங்கே போடுவது, எங்கே போடாமல் தவிர்ப்பது என்பது ஏழைக் குடும்பத்துக்கு வாழ்வின் கேள்வியாக இருந்தது.

எலிப்பொறிக் கட்டு என்று மொழிபெயர்த்து அழைக்கத்தக்க சுவர்முறை பேக்கர் கண்டுபிடித்ததன்று. இங்கிலாந்தில் முன்பே வழங்கியதை அவர் கேரளத்துக் கொத்தனார்களுக்குப் பழக்கினார். வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் செங்கற்கள் படுக்கையாகக் கிடக்கும், இடைவெளியின்றிக் கலவை நிரம்பும். எலிப்பொறிக் கட்டில் செங்கற்கள் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்கப்படுகின்றன. 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 3 அங்குல உயரம் கொண்ட செங்கல் இரண்டை நீளவாக்கில் எதிரெதிராக நிறுத்தினால், சுவரின் வெளிமுகத்தில் ஒன்றும் உள்முகத்தில் ஒன்றுமாக நின்று, நடுவில் 3 அங்குல வெற்றிடம் விடுகின்றன. அடுத்து ஒரு செங்கல் குறுக்காக நின்று இரு முகங்களையும் பிணைக்கிறது. கணக்கு எளியது. நீளவாக்குக் கல்லின் 9 அங்குலமும் குறுக்குக்கல்லின் 3 அங்குலமும் சேர்ந்த ஓர் அடி நீளத் துண்டில், கலவையின் கனத்தை நீக்கிப் பார்த்தால், நாலரை அங்குல உயரத்துக்கு மூன்று செங்கற்கள் போதும். அதே இடத்தைப் படுக்கைக்கட்டு நிரப்பினால் நான்கு செங்கற்கள் வேண்டும். நான்கில் ஒன்று மிச்சம், கலவையும் அதற்கேற்பக் குறைவு, சுவரின் கனமோ அதே ஒன்பது அங்குலம். உள்ளே அடைபட்ட காற்று வெளிவெப்பத்தை அறைக்குள் விரைவாகக் கடத்துவதில்லை என்பதால், கட்டும்போது கிடைத்த மிச்சம் குடியிருக்கும் காலமெல்லாம் குளிர்ச்சியாகவும் தொடர்கிறது. வரிசைக்கு வரிசை குறுக்குக்கல் முந்திய வரிசையின் வெற்றிடத்துக்கு மேலே அமைய வேண்டும், கலவை உள்ளே விழுந்து இடைவெளியை அடைத்துவிடக் கூடாது; இவ்வளவே கொத்தனாரிடம் அது கேட்கும் கூடுதல் கவனம். மூலைகளிலும் கதவோரங்களிலும் மட்டும் முழுக்கட்டாக நிரப்பிக்கொள்வார்கள்.

கூரையிலும் அதே சிந்தனை செயற்பட்டது. கம்பி போட்ட கான்கிரீட் தளம் மேலே சுமை ஏறும்போது சற்றே வளைய முயல்கிறது; அப்போது தளத்தின் மேற்பகுதி அமுக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது, இரண்டுக்கும் இடையில் அமுக்கமும் இழுப்பும் இல்லாத ஒரு மட்டம் இருக்கிறது; அதை நடுநிலை மட்டம் என்பர். இழுவிசையைத் தாங்குவது கம்பியே என்பதால், அந்த மட்டத்துக்குக் கீழுள்ள கான்கிரீட்டின் பெரும்பகுதி கம்பியை மூடிப் பிடித்திருப்பதைத் தவிர வேறு வேலை செய்வதில்லை. ஆகவே கம்பிகளுக்கு இடையில் விலை குறைந்த, எடை குறைந்த ஒன்றை வைத்துக் கான்கிரீட்டை மிச்சப்படுத்தலாம். பேக்கர் அதற்குத் தேர்ந்தது பழைய மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்ற ஜெர்மன், சுவிஸ் மறைப்பணியாளர் அமைப்பு 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிலிலிருந்து பரவிய இந்த ஓடுகள், கோழிக்கோடு முதல் கன்னியாகுமரி வரை கூரைகளை மூடியிருந்தன. வீடுகள் கான்கிரீட்டுக்கு மாறியபோது உடைந்தும் உடையாமலும் குவிந்து கிடந்தன. இரண்டு ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறு காற்றிடைவெளியோடு வைத்துத் தளத்தில் பொதித்தால் கான்கிரீட்டில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகிறது. தளத்தின் எடை குறைவதால் கம்பியும் குறைகிறது. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் சிவந்த ஓடுகள் கட்டம்கட்டமாகத் தெரியும்; அதைப் பூசி மறைக்க வேண்டிய அவசியமில்லை.

பூச்சு என்பதே பேக்கரின் கணக்கில் கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கு வரை விழுங்கக்கூடியது. பூசிய சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். எனவே செங்கல்லை நன்றாகச் சுட்டு, இணைப்புகளைச் சீராகத் தீட்டி, அப்படியே விட்டார். ஒரே பரப்பளவுக்குச் சன்னலின் விலை சுவரின் விலையைவிடப் பல மடங்கு என்பதால், செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலி எனப்படும் துளைச்சுவரைப் பல இடங்களில் அமைத்தார். அதில் காற்று வரும், வெளிச்சம் கண்ணைக் கூசாமல் வரும், கம்பியும் கண்ணாடியும் மரமும் வேண்டா. வாசலுக்கு மேலே சிமெண்ட் லிண்டல் போடுவதற்கு மாறாக, செங்கற்களைச் சிறிது சிறிதாக முன்தள்ளி வளைவாக மூடினார். கலவைக்குக் கூடுமானவரை சுண்ணாம்பையும் சுர்க்கி எனப்படும் சுட்ட செங்கற்பொடியையும் நாடினார். தமிழ் வாசகருக்கு இக்கலவை புதியதன்று. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையைப் பிணைத்திருப்பதும் சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். சுண்ணாம்புக்கல்லைச் சுட ஏறத்தாழ 900 பாகை வெப்பம் போதும், சிமெண்டுக்கு 1,450 பாகை வேண்டும். சுண்ணாம்புக் கலவை இறுகும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் உள்வாங்கிக்கொள்கிறது. ஒரு பொருளை வெட்டியெடுத்து, சுட்டு, வண்டியேற்றிக் கொண்டுவந்து சுவரில் வைக்கும் வரை செலவாகும் மொத்த ஆற்றலை உள்ளுறை ஆற்றல் என்று இன்றைய அறிவியல் அழைக்கிறது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியிலிருந்தே வருகிறது என்ற கணக்கு பரவலாகப் பேசப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கட்டடப் பொருள்களுக்குச் செலவாகும் ஆற்றலைப் பேக்கர் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்குத் திருவனந்தபுரத்தின் உள்ளூர் என்ற பகுதியில், 1970-களின் தொடக்கத்தில் பேக்கர் எழுப்பிய கட்டடங்கள், இம்முறைகள் குடிசைக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை மெய்ப்பித்தன. குன்றைச் சமப்படுத்தாமல், மரங்களை வெட்டாமல், சரிவின் போக்கிலேயே வளைந்து செல்லும் அந்தச் செங்கல் கட்டடங்களை அறிஞர்களும் அமைச்சர்களும் வந்து பார்த்தனர். ஆனால் சிறு வீட்டின் வரலாற்றில் அதைவிட முக்கியமானது, அதே பத்தாண்டின் நடுவில் நகரை அடுத்த பூந்துறையில் மீனவர்களுக்கு அவர் அமைத்த குடியிருப்பு. லட்சம் வீட்டின் நேர்வரிசையை அவர் தவிர்த்தார். ஒவ்வொரு வீட்டையும் முன்வீட்டிலிருந்து சற்று விலக்கி வைத்ததால், பின்வரிசைக்கும் கடற்காற்று கிடைத்தது, கடலும் தெரிந்தது, வீடுகளுக்கு இடையில் வலை உலர்த்தவும் பிள்ளைகள் விளையாடவும் முற்றங்கள் அமைந்தன. துளைச்சுவர்கள் காற்றை முட்டித் தடுக்காமல் ஊடே செல்லவிட்டதால் புயற்காற்றின் வேகமும் தணிந்தது. சில நூறு சதுர அடி வீட்டைப் பெரிதாக்கிக் காட்டுவது அதன் வெளியிடம் என்பதை அவர் அங்கே நடைமுறையில் காட்டினார்.

இம்முறைகளைக் கண்மூடிப் புகழ்வது அவற்றுக்கு நன்மை செய்யாது. எலிப்பொறிக் கட்டுக்குச் சீரான அளவுள்ள நல்ல செங்கல் வேண்டும், சூளைகள் எல்லாம் அதைத் தருவதில்லை. பூசாத சுவரில் தரக்குறைவான செங்கல் மழையில் உதிரும். மின்கம்பிக் குழாய்களை எங்கே பதிப்பது என்பதை முன்கூட்டியே திட்டமிடாவிட்டால் பின்னர் சுவரை உடைக்க நேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொருளில் மிச்சம் பிடித்து உழைப்பில் செலவழிக்கும் முறை இது. கொத்தனாரின் கூலி நாட்டிலேயே கேரளத்தில் மிக உயர்ந்துவிட்ட பிறகு, செங்கல்லில் கிடைத்த மிச்சத்தை நாட்கூலி தின்றுவிடும் நிலை பல இடங்களில் வந்தது. இருந்தாலும் பேக்கர் இதைக் குறையாகக் கருதவில்லை. வீட்டுக்குச் செலவாகும் பணம் தொலைவிலுள்ள தொழிற்சாலைக்குப் போவதைவிட ஊரிலுள்ள கைகளுக்குக் கூலியாகப் போவதே மேல் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கை சரியானதே. ஆனால் தன் கூலியே போதாத குடும்பம் அதற்கான விலையைத் தனியாகச் சுமக்க முடியாது. அங்கே அரசின் கை வேண்டும்.

அந்தக் கை சில காலம் நீண்டது. அச்சுத மேனன், கே.என். ராஜ், டி.ஆர். சந்திரதத், பேக்கர் ஆகியோர் சேர்ந்து 1985-இல் திருச்சூரில் காஸ்ட்ஃபோர்ட் என்ற அமைப்பைத் தொடங்கினர். ஊரக வளர்ச்சிக்கான அறிவியல் தொழில்நுட்ப மையம் என்பது அப்பெயரின் பொருள். கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுப்பது, ஊராட்சிகளின் வீட்டுத் திட்டங்களைக் குறைந்த செலவில் கட்டித் தருவது, பேக்கர் தம் கைப்பட எழுதிப் படம் வரைந்த சிறு கையேடுகளை வெளியிடுவது என்று அது இயங்கியது. உறுதியான, ஏற்கத்தக்க வீடுகளுக்குச் செலவுக் குறைப்பு வழிகள் என்பதே அவற்றில் ஒன்றின் தலைப்பு. ஒரு பக்கம் படம், அருகில் இரண்டு மூன்று வாக்கியங்கள் என்ற அளவில், படிப்பறிவு குறைந்த கொத்தனாரும் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி அமைந்தவை அவை. அதே காலத்தில் கொல்லத்தில் மாவட்ட ஆட்சியரின் முயற்சியால் நிர்மிதி கேந்திரம் தோன்றியது. பயிற்சி, பொருள் உற்பத்தி, கட்டுமானம் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் நடத்திய இந்த முன்மாதிரியை நடுவண் அரசின் வீட்டுவசதி நிறுவனமான ஹட்கோ எடுத்துக்கொண்டு, நாடெங்கும் கட்டட மையங்களாகப் பரப்பியது. 1989-இல் ஆரோவில்லில் ஹட்கோ ஆதரவோடு தொடங்கிய கட்டட மையமே பிற்காலத்தில் ஆரோவில் மண் கட்டுமான நிறுவனமாக வளர்ந்தது. அங்கே மண்ணில் ஏறத்தாழ 5 விழுக்காடு சிமெண்டைக் கலந்து, கையியந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமலேயே கட்டும் கற்களாக்கும் முறை வளர்க்கப்பட்டது. தமிழ்நாட்டின் மாவட்டங்களில் ஊரகக் கட்டட மையங்கள் தோன்றியதும் இந்தத் தொடர்ச்சியில்தான்.

ஆனால் கேரளத்தின் பொருளாதாரம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1970-களின் நடுவிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் அனுப்பிய பணத்தின் பெரும்பகுதி வீடாக எழுந்தது, அந்த வீடு கான்கிரீட்டாகவே எழுந்தது. தலைமுறைகளாக மறுக்கப்பட்டதைக் கட்டிக் காட்டும் வேட்கை அதில் இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. எனினும் அதன் விலையை ஆறுகளும் குன்றுகளும் கொடுத்தன. மணல் அள்ளி ஆற்றுப்படுகைகள் தாழ்ந்ததால் 2001-இல் அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 278.7 சதுர மீட்டர், அதாவது 3,000 சதுர அடி, அல்லது அதற்கு மேல் பரப்பளவு கொண்டு 1999 ஏப்ரல் முதல் கட்டி முடிக்கப்பட்ட வீடுகளுக்கு ஆண்டுதோறும் ஆடம்பர வரி விதிக்கப்பட்டது. அதனால் பெரிய வீட்டின் மோகம் குறைந்ததாகத் தெரியவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அம்மாநிலத்து வீடுகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் பூட்டிக் கிடந்தது. ஒருபுறம் ஆளில்லாத பெருவீடுகளும் மறுபுறம் வீடற்ற குடும்பங்களும் இருக்கும்போது, சிறு வீட்டின் அறத்தை வீடற்றவரிடம் மட்டும் போதிப்பது தவறு. பேக்கர் இதில் மிக உறுதியாக இருந்தார். ஏழைக்கு ஒரு தொழில்நுட்பம், வசதி படைத்தவருக்கு ஒரு தொழில்நுட்பம் என்று பிரிப்பதை அவர் ஏற்கவில்லை. வீண்செலவைக் குறைக்கும் கடமை முதலில் வீண்செலவு செய்ய வல்லவருக்கே உண்டு என்று கருதினார், தாமும் திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் பழைய மரமும் ஓடும் மிச்சச் செங்கல்லும் கொண்டு கட்டிய வீட்டிலேயே வாழ்ந்தார். பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்று, 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2007 ஏப்ரல் 1-ஆம் நாள் தம் தொண்ணூறாம் வயதில் அந்நகரில் காலமானார்.

சிறு வீடு இன்றும் அரசுத் திட்டங்களின் அளவாகவே இருக்கிறது. கேரளத்தின் லைஃப் திட்டம் ஏறத்தாழ 400 சதுர அடியில் வீடு தருகிறது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடி வீட்டைச் சூரிய மின்விளக்குகளோடு கொடுத்தது. 2030-க்குள் 8 லட்சம் குடிசைகளை மாற்றும் நோக்கோடு 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், மூன்றரை லட்ச ரூபாயில் 360 சதுர அடி வீட்டை வகுத்து, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் என்று வரையறுக்கிறது. நான்கு அங்குலக் கனத்தில் அந்தத் தளம் 100 கன அடி கான்கிரீட். ஓடு பொதித்துப் போட்டால் அதில் ஏறத்தாழ 25 கன அடி மிச்சம். ஒரு லட்சம் வீடுகளுக்கு அது 25 லட்சம் கன அடி கான்கிரீட்டும், அதற்கான ஜல்லியும் மணலும் சிமெண்டும் ஆகும். லட்சம் வீட்டில் கேட்கப்படாத கேள்வியை இத்திட்டங்களாவது கேட்க வேண்டும்: வாசல் எந்தப் பக்கம், பிற்பாடு அறை சேர்க்க எந்தப் பக்கம் காலியாக விடுவது, சுவர் எந்தக் கல்லில் என்று குடியிருக்கப்போகிறவரிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும். எலிப்பொறிக் கட்டும் ஓடு பொதித்த தளமும் போடத் தெரிந்த ஒரு கொத்தனாராவது ஒவ்வோர் ஊராட்சி ஒன்றியத்திலும் இருக்கும்படி, ஊரகக் கட்டட மையங்கள் பயிற்சியை முறையாக நடத்த வேண்டும்.